மண்ணுக்குள் இருக்கும் வெப்பம் யாருக்குச் சொந்தம்?

மார்கழி மாதம். விடியற்காலை. வெளியே பனி கொட்டுகிறது. கிணற்றில் நீர் இறைத்துக் குளிக்கிறோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது.

சித்திரை மாதம். உச்சி வெயில். வெளியே அனல் வீசுகிறது. அதே கிணற்றில் நீர் இறைத்துக் குளிக்கிறோம். தண்ணீர் குளுகுளுவென்று இருக்கிறது.

மார்கழியில் கிணற்றுக்குள் அடுப்பு மூட்டியது யார்? சித்திரையில் அதில் ஐஸ் கட்டி போட்டது யார்?

யாரும் இல்லை. கிணற்று நீரின் சூடு இரண்டு மாதத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது வெளிக்காற்று. காற்று குளிர்ந்திருக்கும்போது நீர் நமக்குச் சூடாகத் தெரிகிறது. காற்று கொதிக்கும்போது அதே நீர் குளிர்ச்சியாகத் தெரிகிறது.

மண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஆழம் போனால் வெயிலும் பனியும் எட்டுவதில்லை. இன்னும் ஆழமாகப் போனால் சூடு ஏறிக்கொண்டே போகும். இந்தச் சூட்டைப் பயன்படுத்தலாம். வீட்டைக் குளிரச் செய்யலாம். சோறு சமைக்கலாம். மின்சாரம் எடுக்கலாம். இதைப் புவிவெப்ப சக்தி என்கிறார்கள்.

இந்தச் சக்தி நமக்குக் கிடைக்க இரண்டு விதமான ஆட்கள் வேண்டும். ஒருவர் இயந்திரம் தெரிந்தவர். இன்னொருவர் சட்டம் தெரிந்தவர். இயந்திரம் தெரிந்தவர் வேண்டும் என்பது நமக்குப் புரிகிறது. சட்டம் தெரிந்தவர் எதற்கு? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தில்லிப் பக்கம் ஒரு கட்டடம்

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரி வரை போகும். சனவரியில் இரவில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். வெயில் காலத்தில் ஏ.சி. இல்லாமல் முடியாது என்பார்கள். குளிர் காலத்தில் ஹீட்டர் இல்லாமல் முடியாது என்பார்கள். இரண்டும் மின்சாரத்தை விழுங்கும்.

தில்லியை ஒட்டி அரியானா மாநிலத்தில் குவால் பஹாரி என்ற இடம் இருக்கிறது. அங்கே டெரி என்ற ஆய்வு நிறுவனம் ஒரு பயிற்சி மையத்தைக் கட்டியது. அந்தக் கட்டடத்துக்காக மண்ணுக்குள் 4 மீட்டர் ஆழத்தில் பெரிய குழாய்களைப் புதைத்தார்கள். ஒவ்வொரு குழாயும் 70 மீட்டர் நீளம். வெளிக்காற்று அந்தக் குழாய் வழியாக இழுக்கப்படுகிறது. மண்ணுக்குள் போய்வரும் காற்று வெயில் காலத்தில் குளிர்ந்து அறைக்கு வருகிறது. குளிர் காலத்தில் இளஞ்சூடாக வருகிறது.

நம் கிணற்று நீர் செய்யும் அதே வேலைதான் இது.

வெந்நீர் ஊற்றுகள்

தில்லியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் சோஹ்னா என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. நீரில் கந்தக வாடை வீசும். தோல் நோய்க்கு நல்லது என்று நம்பி மக்கள் அதில் குளிக்கிறார்கள்.

இமாசலப் பிரதேசத்தில் மணிகரண் என்ற ஊர். அங்கே ஊற்று நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. அங்குள்ள குருத்துவாராவில் தினமும் யாத்திரிகர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். அரிசியையும் பருப்பையும் அந்த வெந்நீரில் வைத்தே வேகவைக்கிறார்கள். விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பூமி உருவானபோது இருந்த சூட்டில் ஒரு பகுதி இன்னும் உள்ளே இருக்கிறது. பாறைகளில் யுரேனியம், தோரியம் போன்ற பொருள்கள் கலந்திருக்கின்றன. அவை மெல்ல மெல்லச் சிதையும்போதும் சூடு பிறக்கிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். சில இடங்களில் பாறைகள் உடைந்திருக்கும். மழை நீர் அந்த வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கும். அங்கே சூடாகி மறுபடி மேலே வரும். அதுதான் வெந்நீர் ஊற்று.

இந்தியாவில் இப்படி 300க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. 1966ஆம் ஆண்டு மத்திய அரசு வெந்நீர் ஊற்றுகளை ஆராய ஒரு குழு அமைத்தது. குழு 1968இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தது.

வெந்நீரிலிருந்து மின்சாரம்

பானையில் நீர் கொதிக்கும்போது மூடி ஆடுகிறது. ஆவிக்கு அவ்வளவு பலம். ஆவியைக் குழாய் வழியாகச் சக்கரத்தின் மேல் பாய்ச்சினால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் மின்சாரம் வரும். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகிறார்கள். மண்ணே ஆவியைக் கொடுத்தால் நிலக்கரி எதற்கு?

இத்தாலி நாட்டில் லார்டெரெல்லோ என்ற இடத்தில் இதை முதலில் செய்து பார்த்தார்கள். 1904ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி. பியரோ ஜினோரி கோண்டி என்பவர் பூமியிலிருந்து வந்த ஆவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரிய வைத்தார். ஐந்தே ஐந்து பல்புகள். இன்று பல நாடுகளில் பெரிய புவிவெப்ப மின் நிலையங்கள் ஓடுகின்றன. ஐஸ்லாந்து நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் பூமியின் சூட்டால் கதகதப்பாக இருக்கின்றன.

நீர் ஆவியாகும் அளவுக்குச் சூடு இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. நம் வீட்டு கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் தளும்பும். அழுத்தி அடைத்திருப்பதால் அது திரவமாக இருக்கிறது. வெளியே வந்தவுடன் நெருப்பில்லாமலே வாயுவாகிவிடுகிறது. இப்படிக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் திரவத்தை ஒரு குழாயில் அடைக்கிறார்கள். அதன் பக்கத்தில் வெந்நீரை ஓடவிடுகிறார்கள். திரவம் ஆவியாகிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பிறகு குளிர்ந்து மறுபடியும் திரவமாகிறது. வெந்நீரைத் திரும்ப மண்ணுக்குள்ளேயே அனுப்பிவிடலாம்.

மணிகரணில் இந்த முறையில் 5 கிலோவாட் அளவுக்கு ஒரு சோதனை நிலையம் அமைத்தார்கள். 10 வாட் பல்புகள் 500 எரிவதற்கு அது போதும். ஆனால் 2025ஆம் ஆண்டு வரையிலும் இந்தியாவில் விற்பனைக்கு மின்சாரம் தரும் பெரிய புவிவெப்ப நிலையம் ஒன்றுகூட வரவில்லை.

ஏன்?

ஒரு காரணம் பணம். நம் ஊரில் போர் போடுகிறோம். 300 அடி போட்டும் சில நேரம் தண்ணீர் வருவதில்லை. கடன் மட்டும் மிஞ்சுகிறது. புவிவெப்பக் கிணறு ஆயிரக்கணக்கான அடி ஆழம் போக வேண்டும். சூடு கிடைக்காவிட்டால் செலவெல்லாம் வீண். அந்த நஷ்டம் யாருடையது? துளை போட்டவருக்கா? பணம் போட்டவருக்கா? அரசுக்கா? வேலை தொடங்கும் முன்பே இதை எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதுவது வணிக வக்கீலின் வேலை.

இன்னொரு காரணம் உரிமை.

ஆவி தண்ணீரா? கனிமமா?

உங்கள் நிலத்துக் கிணற்று நீரை நீங்கள் எடுக்கலாம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நிலத்துக்காரருக்கு இந்த உரிமையைச் சொல்கிறது. ஆனால் சுரங்கம் வெட்டிக் கனிமம் எடுப்பது அப்படி அல்ல. அதற்கு 1957ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இருக்கிறது. குத்தகை வாங்க வேண்டும். அரசுக்குப் பங்கு கட்ட வேண்டும்.

சரி, மண்ணுக்குள் இருக்கும் சூடு எதில் சேரும்? அது தண்ணீரோடு சேர்ந்ததா? கனிமத்தோடு சேர்ந்ததா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றத்துக்கே போனது. 1916ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. மாடு வளர்ப்பவர்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. நிலம் உனக்கு, ஆனால் நிலக்கரியும் பிற கனிமங்களும் அரசுக்கு என்று அதில் எழுதியிருந்தது. அப்போது அந்த வரியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்தன. கலிபோர்னியாவில் கெய்சர்ஸ் என்ற இடத்தில் அப்படிப்பட்ட நிலங்களுக்கு அடியில் நீராவி இருப்பது தெரிந்தது. கம்பெனிகள் வந்தன.

ஆவி என்பது சூடான தண்ணீர்தான், தண்ணீர் எங்களுடையது என்றது நிலத்துக்காரர்கள் தரப்பு. இது பூமிக்குள் இருக்கும் சக்தி, கனிமங்களோடு இதுவும் எங்களுடையது என்றது அரசு. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பு சொன்னது. பத்திரத்தில் இருந்த ஒரே ஒரு வரி, அறுபது ஆண்டுகள் கழித்து வழக்கை முடிவு செய்தது.

நியூசிலாந்தில் நடந்தது வேறு கதை. ரோட்டோருவா என்ற ஊரில் வெந்நீர் வானத்தை நோக்கிப் பீறிடும் ஊற்றுகள் உண்டு. அங்கே மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஊற்று நீரில் சமைத்தும் குளித்தும் வாழ்கிறார்கள். பிறகு வீடுகளும் ஓட்டல்களும் ஆளுக்கொரு துளை போட்டுச் சூட்டை எடுத்தன. ஊற்றுகள் வலுவிழந்தன. அங்கே 1953இலேயே புவிவெப்பத்துக்கென்று தனிச் சட்டம் இருந்தது. அந்தச் சூட்டை எடுக்க அனுமதி தருவது அரசின் உரிமை. 1980களில் அரசு அதைப் பயன்படுத்தியது. பெரிய ஊற்றைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூடச் சொன்னது. ஊற்றுகளுக்கு மெல்ல உயிர் வந்தது.

சட்டம் இல்லாவிட்டால் வல்லவன் எடுத்துக்கொள்வான். சட்டம் இருந்தும் நமக்குத் தெரியாவிட்டால், அப்போதும் வல்லவனே எடுத்துக்கொள்வான்.

புகாவில் நடந்தது

நம் நாட்டில் புவிவெப்பத்துக்கு மிக நல்ல இடம் என்று சொல்லப்படுவது லடாக்கில் உள்ள புகா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் காலத்தில் எல்லாம் உறைந்துவிடும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மண்ணிலிருந்து வெந்நீரும் ஆவியும் வருகின்றன.

அங்கே சாங்பா என்ற மக்கள் ஆடு மேய்த்து வாழ்கிறார்கள். விலை உயர்ந்த பஷ்மினா கம்பளி அவர்கள் ஆட்டிலிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு சிறிய ஓடை. ஆடுகள் குடிப்பது அந்த நீரைத்தான். ஓடை போய்ச் சிந்து நதியில் சேர்கிறது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. எனர்ஜி சென்டர், லடாக் நிர்வாகம், லே மலை வளர்ச்சி மன்றம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. முதலில் ஒரு மெகாவாட் மின்சாரம் எடுப்பது என்று திட்டம். லடாக்குக்கு இது பெரிய உதவி. குளிர் காலத்தில் அங்கே கரன்டும் கணப்பும் உயிர் காக்கும் பொருள்கள். டீசலை லாரியில் ஏற்றி மலை மேலே கொண்டு போக வேண்டியிருக்கிறது.

2022இல் துளை போடும்போது பூமிக்குள் இருந்த நீர் வெளியே வந்து ஓடையில் கலந்தது. அந்த நீரில் உப்புகளும் வேறு பொருள்களும் கரைந்திருக்கும். மக்கள் கவலைப்பட்டார்கள். வேலை நின்றது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. நீர் வெளியே வராமல் தடுப்பது எப்படி? இது இயந்திரம் தெரிந்தவருக்கான கேள்வி. வந்துவிட்டால் ஆடு மேய்ப்பவருக்கு யார் பதில் சொல்வது? இது சட்டம் தெரிந்தவருக்கான கேள்வி. ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் தீர்க்க முடியாது.

தில்லியில் ஒரு கொள்கை

2025ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லியில் உள்ள புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் ஒரு கொள்கையை வெளியிட்டது. அது புவிவெப்ப சக்திக்கான தேசியக் கொள்கை. மின்சாரம் எடுப்பது மட்டும் அதில் இல்லை. கட்டடங்களைக் குளிர வைப்பது, சூடாக்குவது, விவசாயத்துக்குச் சூட்டைப் பயன்படுத்துவது எல்லாம் இருக்கின்றன. கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளிலிருந்து சூடு எடுக்கலாம் என்றும் சொல்கிறது.

இது நமக்கும் பக்கத்தில் வரும் செய்தி. காவிரிப் படுகையிலும் எண்ணெய்க்காகத் தோண்டிய ஆழக் கிணறுகள் இருக்கின்றன. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020இல் தமிழக அரசு சட்டம் போட்டது. நாளை அங்கே சூடு எடுக்கலாம் என்று யாராவது வந்தால் என்ன கேட்பது? நீர் எங்கே போகும்? வயலுக்கு என்ன ஆகும்? ஊருக்கு என்ன பங்கு? இதையெல்லாம் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கை என்பது அரசு போக நினைக்கும் வழி. சட்டம் என்பது நீதிமன்றத்தில் காட்டிக் கேட்கக்கூடிய எழுத்து.

ஒருவரே வக்கீல், ஒருவரே விஞ்ஞானி

சட்டம் படித்தவர் கருவி செய்ய முடியுமா? முடியும். செய்திருக்கிறார்கள்.

வில்லியம் ராபர்ட் குரோவ் என்பவர் 1811இல் பிரிட்டனில் பிறந்தார். சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஆனால் அவர் மனம் அறிவியலிலும் இருந்தது. தண்ணீருக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்களாகப் பிரியும். இது அப்போதே தெரிந்த விஷயம். குரோவ் அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். இரண்டு வாயுக்களையும் சேர்த்தால் மின்சாரம் திரும்பக் கிடைக்குமா? கிடைத்தது. 1842இல் அவர் அப்படி ஒரு கருவியைச் செய்து காட்டினார். அதைத்தான் இன்று எரிபொருள் மின்கலம் என்கிறோம்.

அவர் அறிவியலை விடவில்லை. வக்கீல் தொழிலையும் விடவில்லை. கண்டுபிடிப்புகளின் உரிமை பற்றிய வழக்குகளில் வாதாடினார். 1871இல் நீதிபதி ஆனார். 1896இல் காலமானார்.

அவர் செய்த கருவி நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய பயன் இல்லாமல் கிடந்தது. 1965இல் அமெரிக்க விண்கலத்துக்கு மின்சாரம் கொடுத்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி தில்லிச் சாலையில் ஒரு பேருந்து புறப்பட்டது. அதில் டீசல் இல்லை. ஹைட்ரஜன் இருந்தது. வண்டியின் பின்னால் புகை வரவில்லை. நீராவிதான் வந்தது. அந்தப் பேருந்துக்குள் ஓடியது ஒரு வக்கீல் தொடங்கி வைத்த யோசனை!

கண்டுபிடித்தவருக்கு உரிமை

புவிவெப்பத் துறையிலும் இப்படிப்பட்டவர்களுக்கு வேலை இருக்கிறது. ஒருவர் புதிய துளைக் கருவி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை வேறு ஒருவர் பார்த்துச் செய்து விற்றால்? அதற்குத்தான் காப்புரிமை இருக்கிறது. இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் நடப்பில் உள்ளது. கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டுகள் உரிமை கிடைக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம். காப்புரிமை அலுவலகம் தில்லியில் துவாரகாவில் இருக்கிறது. சென்னையில் கிண்டியில் இருக்கிறது.

இதில் ஒரு நியாயம் உண்டு. மண்ணின் சூட்டுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அது இயற்கையில் ஏற்கெனவே இருப்பது. புதிதாகச் செய்த கருவிக்கும் முறைக்கும் மட்டுமே காப்புரிமை.

இன்னொன்றும் உண்டு. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே கருவியை ஊரறியக் காட்டிவிட்டால் உரிமை போய்விடலாம். எத்தனையோ மெக்கானிக்குகளும் விவசாயிகளும் நல்ல கருவிகளைச் செய்கிறார்கள். இது தெரியாமல் உரிமையை இழக்கிறார்கள். காப்புரிமை முகவராகப் பணி செய்ய அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். கருவி புரிந்தால்தான் உரிமையை எழுத முடியும் என்பதால் இந்த விதி.

நாம் என்ன செய்யலாம்?

நாம் எல்லோரும் வக்கீல் ஆக வேண்டியதில்லை. விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை. ஆனால் நம் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது காகிதத்தைக் கையில் வாங்கிப் படிக்கலாம். புரியாத வரியைச் சுட்டிக்காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். பதிலை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் ஒரே ஒரு வரி வழக்கை முடிவு செய்தது அல்லவா? அப்படி ஒரு வரி நம் பத்திரத்திலும் இருக்கலாம். கைநாட்டு வைக்கும் காலத்தில் அந்த வரி நம் கண்ணில் படாது. இப்போது நமக்குப் படிக்கத் தெரியும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்க் கிணற்று நீர் மார்கழியில் எப்படி இருக்கும்? சித்திரையில் எப்படி இருக்கும்? ஏன்?

2. உங்கள் நிலத்துக்கு அடியில் சூடு இருந்தால் அது யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்? உங்களுக்கா? ஊருக்கா? அரசுக்கா?

3. புகா ஓடையில் நீர் கலந்தபோது ஆடு மேய்ப்பவர்கள் யாரிடம், என்ன கேட்டிருக்கலாம்?

4. உங்கள் ஊரில் யாராவது புதிய கருவி செய்திருக்கிறார்களா? அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?